இரைச்சல் நின்ற மத்தியானம்

யாராவது வந்து லைட்டைப் போடட்டும். இருட்டு என்ன, கடித்தா தின்னப் போகிறது? ஜன்னல் கம்பி இன்னும் தெரிகிறது. மேசை தெரிகிறது. எழுந்து போய், கையை நீட்டி, அந்தச் சின்ன வெள்ளைப் பொத்தானை அமுக்கி, அந்த 'டிக்'கைக் கேட்டு... வேண்டாம். யாராவது வரட்டும்.

மாடி அறையின் கட்டில் விளிம்பில் எப்சிபா தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். போடிமெட்டு மலை முதலில் கறுக்கும். பிறகு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதற்கப்புறம் அறைக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானாக மறைய ஆரம்பிக்கும்போது படியில் ஜான்சியின் செருப்புச் சத்தம் கேட்கும்.

“இருட்டுக்குள்ள என்ன எப்சி, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்க?” ஜான்சி கதவுக்குள் பாதி உடம்பை நீட்டி சுவிட்சைப் போட்டாள். ட்யூப்லைட் துடித்துத் துடித்து எரிந்தது. “கீழ வா. தேங்காயத் துருவிக் குடு, மிக்ஸிய நான் போட்டுக்கிறேன்.”

அந்த வீட்டில் வேலை அப்படிப் பிரிந்திருந்தது. யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. கணவன் ஜஸ்டின் இறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் எப்சிபா விளக்கைப் போடப் போனபோது, அவனுடைய அண்ணன் மனைவி ஜான்சி பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் எப்சி, விடு. நான் போடுறேன்.” அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதாலேயே அது அப்படியே நின்றுவிட்டது. பத்தொன்பது வருசமாக மோட்டாரை வேறு யாரோ போட்டார்கள், ஃபேனை வேறு யாரோ போட்டார்கள். மகள் ஷெரின் நடக்கத் தெரிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி அம்மாவுக்காக லைட் போடப் பழகினாள். “எங்கம்மாவுக்கு சுவிட்சுன்னா பயம்” என்று சிநேகிதிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள், சில அம்மாக்களுக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம் என்பதைப் போல.

பயம் இல்லை அது. எப்சிபாவின் வலது கை சமைத்தது, துவைத்தது, கீழே வீட்டோடு இருந்த ஏலக்காய் ஸ்டோரில் நாளெல்லாம் காய் பொறுக்கியது. சுவர்ப் பக்கம் மட்டும் போகாது. அந்தக் கை ஒரு காரியம் செய்திருந்தது.

அன்றைக்கு அறுப்பின் பண்டிகை, விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து சர்ச்சில் ஏலம் விடுகிற நாள். ஐப்பசி மழையில் சர்ச் ஹாலின் சிமெண்டுத் தரை நசநசவென்று கிடந்தது. ஏலத்துக்கு வந்த பூசணிக்காய், வாழைத்தார், கம்பம் திராட்சைக் கூடை, கால் கட்டிய சேவல். ஜஸ்டின் வெறுங்காலோடு கிடாரை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றான். எப்சிபா ஷெரினை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். அவன் திரும்பிப் பார்த்து, “எப்சி, சுவிட்ச போடு,” என்றான். போட்டாள். ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் மைக்குக்கு வாயைக் கொண்டுபோனான். பாட்டின் முதல் எழுத்து வரவில்லை.

பிறகு வீட்டில், ஜெபத்துக்கு வந்தவர்கள் நடுவே, ஜஸ்டினின் அண்ணன் சுந்தர்ராஜ் சொன்னார்: “அவள யாரும் ஒண்ணும் சொல்லாதீக. அவ என்ன செய்வா? சுவிட்ச போடுன்னான், போட்டா. அவளுக்கு என்ன தெரியும்?”

அவர் அப்படிச் சொல்கிற வரைக்கும் யாரும் தன்னை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அவளுக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

மற்றபடி சுந்தர்ராஜைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தம்பி மனைவிக்கு மாடியை ஒதுக்கிக் கொடுத்தார். ஷெரினை மதுரையில் படிக்க வைத்தார். ஸ்டோரில் வேலை செய்கிற பெண்கள் முன்னால் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஏலக்காய் சாம்பிள் பொட்டலங்களை மட்டும் அவரே கட்டுவார், அதில் ஒரு கர்வம் அவருக்கு. பாலிதீன் கவரைச் சுருட்டி, மஞ்சள் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் முடிச்சை இறுக்காமல் வளையமாக ஒரு காது விட்டு அதைத் திரும்ப அடியில் செருகுவார். வாங்க வருகிறவன் ஒரே இழுப்பில் அவிழ்த்து முகர்ந்து பார்க்க வேண்டும், ஆனால் சட்டைப் பையில் கிடந்தால் அவிழக் கூடாது. எப்சிபா எவ்வளவு பார்த்தும் அந்த முடிச்சு அவளுக்கு வரவில்லை. “உனக்கு வராதும்மா. இது எங்கப்பா விரல்ல இருந்து என் விரலுக்கு வந்தது,” என்பார்.

ஆம்ப்ளிபயரை ஷெரின்தான் தேடி எடுத்தாள். லீவுக்கு வந்தவள், குடோனில் பழைய சாக்குகளுக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்து மாடிக்கும் கீழுக்கும் ஓடினாள்.

“அம்மா, இது வால்வு ஆம்ப்ம்மா! அப்பாதா? உள்ள கண்ணாடி வால்வு அப்பிடியே இருக்கும்மா. இந்தச் சத்தம் இப்ப வர்ற எதுலயும் வராது. நான் இதுல வாசிக்கணும்மா.”

எப்சிபா படிக்கட்டில் நின்றபடியே அதைப் பார்த்தாள். தேக்குப் பெட்டி, முன்பக்கம் பிசிறு விட்ட துணி, மூலையில் எலி கடித்த தடம். வண்டிப்பெரியாறு பக்கம் ஏதோ எஸ்டேட் கிளப்பை மூடியபோது ஜஸ்டின் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியது. இறக்கிய அன்று அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, குழந்தை பிறந்த வீட்டு ஆள் மாதிரி நின்றிருந்தான். இத்தனை வருசமும் அது இந்த வீட்டுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. விற்றிருப்பார்கள், உடைத்திருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். கேட்டதில்லை.

“பெரியப்பாகிட்ட கேட்டியா?”

“எதுக்குக் கேக்கணும்? எங்கப்பாதுதான?”

சுந்தர்ராஜ் குமுளிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, அல்லிநகரத்துக்குப் போகிற ஒரு குட்டியானை வண்டியில் ஏலக்காய் மூட்டைகளோடு அதையும் ஏற்றினாள் ஷெரின். அம்மாவையும் ஏற்றினாள்.

முத்துராஜாவின் ரிப்பேர் கடை ஒரு டயர்க் கடைக்கும் புரோட்டா கடைக்கும் நடுவில் இருந்தது. கல்யாண வீட்டு, துக்க வீட்டு சவுண்டு சர்வீஸ்காரர்கள் கொண்டுவந்து போட்ட பெட்டிகள் வாசல் வரைக்கும் அடுக்கியிருந்தன. முத்துராஜா பனியனோடு உட்கார்ந்து, ஒரு கையால் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இன்னொரு கையால் ஒரு மைக்கை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏ யப்பா! இது யாரு ராசா?” என்று கையை உதறிக்கொண்டு எழுந்தார். “இந்த மாதிரி ஒண்ண மூணாறுல ஒரு தடவ பாத்தேன். எங்கனக்கா வச்சிருந்தீக? கோழிக்கூடா ஆக்கிரலையே?”

“வீட்லதான் இருந்துச்சு,” என்றாள் எப்சிபா.

பின்பலகையைக் கழற்றினார். தூசியும் ஏலக்காய்ச் சருகும் கொட்டின. கண்ணாடி வால்வுகள் அழுக்கேறி, மூடிய கண்கள் மாதிரி நின்றன.

“நேரா கரண்டு குடுத்தா டப்புன்னு போயிரும். பல்பு வழியாத்தான் குடுக்கணும்,” என்று பலகையில் பொருத்திய ஒரு குண்டு பல்பைக் காட்டினார். பழைய பிளக்கை விட்டுவிட்டு, பல்பிலிருந்து வந்த இரண்டு வயர்களை உள்ளே டிரான்ஸ்ஃபார்மரிலேயே நேராகப் பிடித்தார். “பல்பு முழுசா எரிஞ்சா உள்ள ஷார்ட்டுன்னு அர்த்தம். எரிஞ்சு மங்குச்சுன்னா உயிரு இருக்குன்னு அர்த்தம். எக்கா, கை சிக்கிருச்சு, அந்த சுவிட்சப் போடுங்க.”

எப்சிபா அசையவில்லை. ஷெரின் குறுக்கே பாய்ந்து போட்டாள். “அம்மா போட மாட்டாக.”

“ஏன், கரண்டு பில்லு ஏறிருமா?” என்று சிரித்தார் முத்துராஜா.

பல்பு பளீரென்று எரிந்தது. மங்கவே இல்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்சிபா மங்கு, மங்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதற்காகச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“கண்டன்சரெல்லாம் காஞ்சு போச்சு,” என்று வயரை எடுத்தார் முத்துராஜா. “விட்டுட்டுப் போங்க. மதுரையில சாமான் வாங்கி, மாத்திட்டுக் கூப்பிடுறேன்.”

அந்த மழைக்கால வாரங்களில் எப்சிபாவுக்குக் காதில் இரைச்சல் கேட்டது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், ஜான்சியின் ஃபிரிட்ஜ், சர்ச்சில் ஜெபம் பண்ணும்போது ஸ்பீக்கர் என்று எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஸ்வரத்தில் 'ங்ங்' என்று ஒரு ஓட்டம். அவளுக்கு அது தெரிந்த சத்தம். ஜஸ்டின் இறந்த அன்றைக்கு மத்தியானம் தூக்குவாளியில் காப்பி கொண்டுபோனபோது சர்ச் ஹாலில் ஆம்ப்ளிபயரிலிருந்து அந்தச் சத்தம்தான் நிறைந்திருந்தது. ஜஸ்டின் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தான். சபைப் போதகரான ஐயர் காதைப் பொத்திக்கொண்டு, “இந்த இரைச்சலுக்கு மேல நான் எப்பிடிப் பிரசங்கம் பண்றது?” என்று சுந்தர்ராஜிடம் சலித்துக்கொண்டிருந்தார். எப்சிபா எல்லோருக்கும் காப்பி கொடுத்து, வெளியே தூக்கைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். ஹால் அமைதியாக இருந்தது. சுந்தர்ராஜ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். “சரி பண்ணியாச்சு பாத்தியா,” என்றார். சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் நீட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை வருசத்தில் எத்தனையோ முறை அந்த நாளைப் புரட்டியிருக்கிறாள். எப்போதும் சாயங்காலத்திலிருந்துதான் புரட்டுவாள், அந்த 'டிக்'கிலிருந்து. மத்தியானம் கவனிக்கப்படாமல் பின்னால் கிடந்தது.

முத்துராஜா கூப்பிட்டபோது ஷெரின் மதுரையில் இருந்தாள். எப்சிபா தனியாக பஸ் ஏறினாள்.

“பல்பு மங்குதுக்கா!” என்று வாசலிலேயே சொன்னார். உள்ளே வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனிந்துகொண்டிருந்தன. இருண்ட அறைக்குள் அது சின்ன வீடுகளில் விளக்கேற்றின மாதிரி இருந்தது. எப்சிபா குனிந்து பார்த்து, “இது எரியுமா இவ்வளவு நாள் கழிச்சும்?” என்றாள்.

ஸ்பீக்கரிலிருந்து அவள் குரலே மெல்லிய வெண்கல அதிர்வாகத் திரும்பி வந்தது. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பயப்படாதீகக்கா. இந்த ஒரு வால்வு இத்துப்போச்சு. பழசானா காது வந்துரும் இதுகளுக்கு. நம்ம பேசுறதக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். மாத்திரலாம்.” பென்சிலால் அதைத் தட்டினார். எங்கோ தூரத்தில் மணி அடிப்பது போலக் கேட்டது.

மாற்றாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது எப்சிபாவுக்கு. ஜஸ்டினின் குரலைக் கடைசியாகக் கேட்டது இந்த வால்வாகத்தான் இருக்கும். ஆனால் பேசினால் இதுவும் பேசும். வெறுமனே தலையை ஆட்டினாள்.

முத்துராஜா சுவிட்சை அணைத்தார். வால்வுகள் மெதுவாகக் கறுத்தன. அவர் உடனே கையை வைக்கவில்லை. “அணைச்சாலும் உள்ள கரண்டு நிக்கும், வடியவிட்டுத்தான் தொடணும்,” என்று ஒரு வயரை அங்கங்கே வைத்து எடுத்தார். பிறகு கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“எக்கா, ஒண்ணு கேக்கணும். போடியில முந்தி ஒரு சர்ச்சுல கிடார் வாசிக்கும்போது ஒருத்தர் ஷாக்கடிச்சு...”

“அவுக வீட்டுக்காரிதான் நான்.”

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து பழைய பிளக்கை எடுத்தார். கறுப்பு நிற மூன்று முள் பிளக். “வந்தப்ப இதுக்கு ரெண்டு வயர்தான் இருந்திருக்கணும். யாரோ வெவரம் தெரிஞ்சவுக மூணு வயரா மாத்தியிருக்காக.”

“அவுகதான். மதுரைக்குக் கொண்டுபோயி மாத்திட்டு வந்தாக. பிள்ளை தவழ்ற வீடு, எதுக்கும் இருக்கட்டும்னு.”

“நல்ல வேலதான் பண்ணியிருக்காரு. இப்பப் பாருங்க.” மூடியைத் திறந்தார். சிவப்பு வயர் அதன் இடத்தில் இருந்தது. கறுப்பு வயர் அதன் இடத்தில் இருந்தது. பச்சை வயர் எதிலும் சேராமல் பாதியில் வெட்டப்பட்டு ஓரமாக மடங்கிக் கிடந்தது. “எர்த்து வயரு. எங்க சவுண்டு சர்வீஸ்காரப் பயலுக பூராம் செய்யிற வேல இது. இரைச்சல் வருதா, பச்சைய வெட்டு. நானே சின்ன வயசுல எத்தன பந்தல்ல வெட்டிருக்கேன். சத்தம் பொசுக்குனு நின்னுரும். ஆனா ஈரத்துல பெட்டியோட இரும்புப் பாடிக்குக் கரண்டு கசிஞ்சா, அது பூமிக்குப் போக வழியில்ல. கிடார் கம்பில ஏறி நிக்கும். அந்தப் பக்கம் மைக்கு, அது எர்த்துல நிக்கும். அதுல வாய வச்சா...” 

“சுவிட்ச போட்டது நான்,” என்றாள் எப்சிபா. இதுவரை யாரிடமும் அதை அவள் வாயால் சொன்னதில்லை.

“யாராவது போடத்தானக்கா செய்வாக. சுவிட்சு எதுக்கு இருக்கு?” என்றார் முத்துராஜா, இன்னும் பிளக்கையே பார்த்துக்கொண்டு. “இதுல ஒரு கூத்து பாத்தீகளா? வெட்டுனவரு டேப்பு இல்லாம என்னத்தையோ சுத்தியிருக்காரு.”

எப்சிபா அதை வாங்கிப் பார்த்தாள். பச்சை வயரின் நுனியில் ஒரு துண்டு பாலிதீன். அதன் மேல் அழுக்கேறிய மஞ்சள் நூல். இரண்டு சுற்று. கடைசியில் இறுக்காமல் விட்ட ஒரு காது, அடியில் செருகியிருந்தது.

வெளியே டயர்க் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் ஜஸ்டின் பத்திரமாக இருந்திருக்கிறான் என்று நினைத்தாள். அதை இந்த முடிச்சைப் போட்ட விரல்கள் அமைதிப்படுத்தின. அந்த அமைதிக்குள் அவள் கையை நீட்டினாள்.

“யாரு வேலைன்னு தெரியுமாக்கா?”

“இத நான் வச்சுக்கிறட்டுமா?”

முத்துராஜா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் கேட்காமல், முடிச்சோடு அந்த வயர் நுனியை நறுக்கிக் கொடுத்தார்.

அன்று மாலை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது மலை கறுத்தது. தண்ணீர்த் தொட்டி மறைந்தது. எப்சிபா எழுந்து போனாள். சுவர் குளிர்ந்திருந்தது. பொத்தானை அமுக்கினாள். 'டிக்.' ட்யூப்லைட் துடித்தது. பிறகு அது எல்லா வீட்டு விளக்கையும் போல எரிந்தது.

படியேறி வந்த ஜான்சி வாசலிலேயே நின்றுவிட்டாள். “யாரு போட்டா?”

“நாந்தான்க்கா.”

ஜான்சி சுவிட்சைப் பார்த்தாள், எப்சிபாவைப் பார்த்தாள். நீட்ட வந்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அப்ப... நான் கீழ போறேன்,” என்று ஏதோ ஒன்றை இழந்தவள் மாதிரி இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சுந்தர்ராஜ் வந்தார். மாடிக்கு அவர் வருவது அபூர்வம். நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆம்ப்ளிபயரு ரெடியாயிருச்சாமே. என்கிட்ட சொல்லியிருந்தா நானே கொச்சிக்குக் குடுத்துவிட்டிருப்பேன்ல? சரி, நல்லதுதான். பண்டிகைல தம்பி ஞாபகமா சர்ச்சுக்கே குடுத்துருவோம். ஷெரின் வாசிக்கட்டும்.” குரலைத் தாழ்த்தினார். “அந்த ஆளு... உள்ள என்ன பாத்தானாம்?”

“கண்டன்சர் காஞ்சு போச்சாம்.”

“வேற?”

“ஒரு வால்வு மாத்தினாரு.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

எப்சிபா அவரை நிமிர்ந்து பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்த நாற்காலி முதுகில் இருந்த விரல்கள் மெலிந்திருந்தன. அவருக்கு ஒரு வழி விட வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

“அத்தான், அன்னிக்கு மத்தியானம் ஹால்ல இரைச்சல் கேட்டுச்சே. அது எப்பிடி நின்னுச்சு?”

கீழே குக்கர் விசில் அடித்தது.

“யாருக்கும்மா ஞாபகம் இருக்கு அதெல்லாம்,” என்றார். “கர்த்தர் சித்தம். நாம கிளறிக்கிட்டே இருந்தா ஆறுமா?” கதவுக்குப் போனவர் திரும்பி, கூரையை அண்ணாந்து பார்த்தார். “லைட்டு எரியுது. ஜான்சி கீழதான இருக்கா?”

“ஆமா. கீழதான் இருக்காக.”

பண்டிகையன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. ஹாலில் புது டைல்ஸ். மற்றபடி அதே பூசணி, அதே வாழைத்தார், யாரோ கால் கட்டிப்போட்ட சேவல். பாலிஷ் போட்ட தேக்குப் பெட்டி மேடையில் மல்லிகை மாலையோடு இருந்தது. முத்துராஜா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, எல்லா வயரையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, “பாப்பா, சர்ச்சுன்னு பாக்காத, செருப்பக் கழட்டாத,” என்று ஷெரினிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஷெரின் கிடாரை மாட்டிக்கொண்டு நின்றாள். நிற்கிற விதம் ஜஸ்டினுடையது. அவள் அறியாமல் வந்தது.

பெட்டியிலிருந்து வருகிற வயர் சுவர் வரைக்கும் போனது. எப்சிபா அந்த இடத்திலிருந்து தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

சுந்தர்ராஜ் மைக்கில் பேசினார். தம்பியைப் பற்றிச் சொன்னபோது குரல் நிஜமாகவே உடைந்தது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். “எங்க வீட்டு எப்சிபா இத்தன வருசமா ஒரு பாரத்தச் சுமந்துக்கிட்டிருக்கா. அந்தப் பிள்ளை மேல நாங்க யாரும் ஒரு குத்தமும் வச்சதில்ல. இன்னிக்கு அவ கையாலயே இத ஆரம்பிச்சு வச்சா, அந்தப் பாரம் எறங்கிரும். எப்சி, வாம்மா. வந்து சுவிட்சப் போடு.”

கைதட்டினார்கள். ஜான்சி பின்னாலிருந்து அவள் தோளை மெல்லத் தள்ளினாள். “போ எப்சி. இப்பத்தான் நீயே போடுறியே.”

எப்சிபா எழுந்து நடந்தாள். ஈரச் செருப்புகளின் தடத்தைத் தாண்டி, சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஷெரின் அவளைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வது போல, ஒன்றுமில்லை என்று கண்ணைச் சிமிட்டினாள். சுந்தர்ராஜ் மைக்கை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் இருந்த இரக்கம் பத்தொன்பது வருசம் பழகிய இரக்கம். அதை வாங்கிக்கொண்டால் இந்த ஹால் முழுக்க அவளை மன்னித்துவிடும். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

வீட்டிலிருந்து கொண்டுவந்து கைக்குள் வைத்திருந்த மஞ்சள் நூல் முடிச்சை அவள் அவரிடம் காட்டவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“பாவம், இன்னும் பயம் தெளியல,” என்று யாரோ ஒரு பெண் முணுமுணுப்பது கேட்டது. நினைத்தால் நினைக்கட்டும்.

“போடும்மா,” என்றார் சுந்தர்ராஜ்.

“நான் போடல அத்தான்.” அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். “பச்ச வயரச் சேத்தாச்சு. பயப்படாம நீங்களே போடுங்க.”